குழந்தைக்கு டைப் 1 சுகர்னு சொல்லிட்டாங்க: துணைக்கு யாரு, யாரைப் பாத்து நடக்கறது? (அடிக்கடி கேக்கற கேள்விகள்)

என் பையனுக்கு ஏழு வயசுல டைப் 1 சுகர்னு தெரிஞ்சுது, இப்ப அவனுக்குப் பதினஞ்சு. நாங்க இருக்கறது திண்டுக்கல், டாக்டர் மதுரைல. இந்த எட்டு வருஷத்துல புதுசா இதுல மாட்டிக்கிட்ட அம்மா அப்பாக்கள் போன்லயும் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்லயும் கேட்டது எல்லாம் சுத்திச் சுத்தி ஒரே கேள்விங்கதான். ஒவ்வொரு தடவையும் நைட் பதினோரு மணிக்கு உக்காந்து டைப் பண்ணி விரல் வலிக்குது, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, பி.காம் முடிச்சுட்டு வீட்ல இருக்கேன். எத்தனை யூனிட் போடணும்ங்கற பேச்சே இதுல வராது.

மாமியார் "நீ சாக்லேட்டா வாங்கிக் குடுத்ததாலதான்"னு சொல்றாங்க. நிஜமா என் தப்பா?

இல்லவே இல்ல. டைப் 1ல நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே தப்பா புரிஞ்சுக்கிட்டு கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லுங்கள அழிச்சிருது. சாக்லேட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, நீங்க மாசமா இருக்கும்போது சாப்பிட்ட மாம்பழத்துக்கும் சம்பந்தம் இல்ல (இதையும் என்கிட்ட சொன்னாங்க). தாத்தாவுக்கு இருக்கற சுகர் வேற, அது பெரும்பாலும் டைப் 2, மாத்திரைல ஓடும். நம்ம பிள்ளைக்கு இன்சுலின் வேணும், தினமும் வேணும். மாமியார டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. நீங்க சொன்னா எடுபடாது, வெள்ளைக் கோட்டு சொன்னா எடுபடும்.

டாக்டர் இருக்காரே, அப்புறம் எதுக்கு இன்னொரு அம்மாவைத் தேடணும்?

டாக்டர் மூணு மாசத்துக்கு ஒருக்கா பத்து பதினஞ்சு நிமிஷம் பாப்பாரு, அவரு ரூமுக்கு வெளிய நூறு பேர் நிக்கறாங்க. மிச்ச நாளெல்லாம் நம்ம கையிலதான். அந்த மிச்ச நாள்ல வர்ற சந்தேகம் எதுவும் மருந்துச் சீட்டுல எழுதிருக்காது.

எங்க வீட்டுப் பரோட்டா கதையச் சொல்றேன். முதல் வருஷம், பையனோட பிறந்தநாளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு பரோட்டா, சால்னா. சாப்பாட்டுக்குப் போடற ஊசி போட்டாச்சு. ஒன்பதரை மணிக்கு கை நடுங்குதும்மாங்கறான், குத்திப் பாத்தா 62. பதறிப்போய் குளுக்கோஸ் தண்ணி குடுத்தேன், ஏறுச்சு, தூங்கிட்டான். மனசு கேக்காம ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்தா 310. எனக்கு ஒன்னும் புரியல. இறங்கின சுகர் ஏறினா பரவால்ல, இப்படி ஏறுமா, நான் குடுத்த குளுக்கோஸ் அதிகமாயிடுச்சா, நாந்தான் கெடுத்துட்டனான்னு அடுப்படியிலயே உக்காந்து அழுதேன்.

மறுநாள் காலைல, ஆஸ்பத்திரில பழக்கமான ஒரு அக்கா, அவங்க பொண்ணுக்கு எங்கள விட ரெண்டு வருஷம் முன்னாலயே வந்துடுச்சு, அவங்களுக்கு போன் போட்டேன். சிரிச்சாங்க. "பரோட்டாவா? அது அப்படித்தான் பண்ணும்"னாங்க. எண்ணெய் ஜாஸ்தியா இருக்கற சாப்பாடு வயித்துல மெதுவாத்தான் செரிக்கும், ஊசி மருந்து முந்திக்கும், சாப்பாடு பின்னாடி வரும், அதனால முதல்ல லோ ஆகும், நடுராத்திரி ஹை ஆகும், நெய் ஊத்தின வெண்பொங்கலும் இதே வேலையக் காட்டும், நோட்டுல நேரம் போட்டு எழுதிக்கிட்டு டாக்டர்கிட்ட காட்டு, அவரு ஊசிய எப்படிப் பிரிச்சுப் போடறதுன்னு சொல்லுவாருன்னாங்க. அப்படியே செஞ்சேன், டாக்டரும் நோட்டைப் பாத்துட்டு சொன்னாரு. மருத்துவம் சொன்னது டாக்டர்தான், ஆனா என்ன கேள்வி கேக்கணும்னு சொல்லிக்குடுத்தது அந்த அக்கா. அதவிட முக்கியம் அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சரி, அப்படிப்பட்ட ஆளை எங்க போய் பிடிக்கறது?

நெட்டுல தேடறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி பெஞ்சுல தேடுங்க. உங்க டாக்டர்கிட்ட இருக்கற டயபடீஸ் எஜுகேட்டர்னு ஒருத்தங்க, சாப்பாட்டுக் கணக்கும் ஊசி போடற விதமும் சொல்லித் தர்றவங்க, அவங்கட்ட நேரா கேளுங்க: "எங்க ஊர்ப்பக்கம், எங்க பிள்ளை வயசுல வேற யாராச்சும் இருக்காங்களா, அவங்களுக்கு சம்மதம்னா என் நம்பரக் குடுங்க." இப்படிக் கேக்கணும். அடுத்தவங்க நம்பர அவங்க குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது, உங்க நம்பர அங்க தரலாம்.

அடுத்தது நவம்பர் 14. நமக்கு அது குழந்தைகள் தினம், நேரு பிறந்தநாள். உலகத்துக்கு அது நீரிழிவு தினம், ஏன்னா இன்சுலினைக் கண்டுபிடிச்ச ஃப்ரெடெரிக் பேன்டிங் பிறந்ததும் அதே தேதிதான், 1891ல. அந்த வாரத்துல நிறைய ஆஸ்பத்திரிங்க கேம்ப் போடுவாங்க, குழந்தைங்கள ஒன்னாக் கூட்டுவாங்க. பலூன், ஓவியப்போட்டி, மேடைப்பேச்சு எல்லாம் கிடக்கட்டும், நீங்க சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தவறாம இருங்க. முப்பது பிள்ளைங்க வரிசையா உக்காந்து சட்டையத் தூக்கி ஊசி போட்டுட்டு சாம்பார் சாதத்துல கை வைக்கறத என் பையன் முதல் தடவை பாத்தப்ப, "அம்மா, இவனுமா? இவளுமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அது வரைக்கும் உலகத்துலயே தனக்கு மட்டும்தான்னு நினைச்சிருக்கான் பாவம்.

அமைப்புன்னு பாத்தா கோயம்புத்தூர்ல டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தொடங்கின இதயங்கள் அறக்கட்டளை டைப் 1 பிள்ளைங்களுக்காகவே வேலை செய்யுது. இந்திய அளவுல ப்ளூ சர்க்கிள் டயபடீஸ் ஃபவுண்டேஷன் இருக்கு, அதை ஆரம்பிச்ச நூபுர் லால்வானியே சின்ன வயசுலேர்ந்து டைப் 1தான். நோயோட வாழ்றவங்களே நடத்தற இடம்னா பேச்சு வேற மாதிரி இருக்கும், போய்ப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

நெட்டுல எழுதறவங்களைப் படிச்சா உபயோகம் உண்டா? எல்லாம் வெளிநாட்டுக்காரங்களா இருக்காங்க.

உண்டு, கொஞ்சம் இல்ல நிறையவே. அமெரிக்கால கெர்ரி ஸ்பார்லிங்னு ஒருத்தங்க, சின்ன வயசுலயே டைப் 1 வந்தவங்க, 2005லேர்ந்து தன் வாழ்க்கைய அப்படியே எழுதினாங்க, ஆபீஸ் மீட்டிங்ல லோ ஆனது, கல்யாணம், மாசமா இருக்கும்போது சுகர் பாத்தது, குழந்தை பிறந்தது வரைக்கும். டாக்டர் எழுதற கட்டுரைல "கர்ப்ப காலத்தில் கவனம் தேவை"ன்னு ஒரு வரி இருக்கும், இவங்க எழுத்துல அந்தக் கவனம்னா காலைல எழுந்து என்ன பண்றதுன்னு இருக்கும்.

2013ல நியூயார்க் மாநிலத்துல ஜான் காஸ்டிக்னு ஒரு அப்பா, நாலு வயசுப் பையன். பையன் உடம்புல சுகரை விடாம அளக்கற சென்சார் இருக்கு, ஆனா ரீடிங் பக்கத்துல இருந்தாத்தான் தெரியும், இவரு ஆபீஸ்ல உக்காந்து தவிச்சுருக்காரு. சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஆளு, தானே கோட் எழுதி அந்த நம்பரை இன்டர்நெட்டுல ஏத்தி ஆபீஸ்லேர்ந்தே பாத்துட்டாரு. அதை ட்விட்டர்ல போட்டதும் மத்த அப்பா அம்மாக்கள் எனக்கும் எனக்கும்னு வந்து நைட்ஸ்கவுட்னு ஒரு இலவச சாஃப்ட்வேராவே வளத்துட்டாங்க. "நாங்க காத்துக்கிட்டு இருக்க மாட்டோம்"ங்கறது அவங்க கோஷம். டேனா லூயிஸ்னு இன்னொரு பொண்ணு, தூக்கத்துல சென்சார் அலாரம் காதுல விழல, செத்துருவோமோன்னு பயம், சத்தமா அலாரம் அடிக்க வைக்க ஆரம்பிச்ச வேலை கடைசில தானா இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைக்கற செயற்கைக் கணையத்துல போய் நின்னுச்சு. 2015லயே அதை எப்படிச் செய்யறதுன்னு எல்லாருக்கும் வெளியிட்டுட்டாங்க. கம்பெனி பண்ணல, நோயாளிங்க பண்ணாங்க. இத நான் படிச்ச அன்னிக்கு நைட் தூக்கமே வரல, சந்தோஷத்துல.

ஆனா ஒன்னு. அவங்க லிஸ்ட்டுல இட்லி இருக்காது. பான்கேக்குக்கு எத்தனை கிராம் கார்ப், அதாவது மாவுச்சத்துன்னு இருக்கும், பீட்சாவுக்கு இருக்கும், ஆப்பத்துக்கு இருக்காது. ஒரு இட்லிக்கு இவ்வளவுன்னு நெட்டுல போட்டிருந்தாலும் நம்பாதீங்க, உங்க வீட்டுத் தட்டுக் குழி அளவு அவங்களுக்கு எப்படித் தெரியும்? சின்னத் தராசு ஒன்னு வாங்கி உங்க இட்லிய நீங்களே எடை போட்டு எஜுகேட்டர்கிட்ட கேளுங்க.

இங்கிலீஷ் வராது. தமிழ்ல?

வாட்ஸ்அப் குரூப்தான். உங்க ஆஸ்பத்திரிலயே ஒன்னு இருக்கும், கேளுங்க. இங்கிலீஷ்ல வர்றதை போன்லயே தமிழாக்கிப் படிச்சா கதை புரியும். ஆனா மருந்து அளவு, நம்பர் வர்ற இடத்தை மெஷின் தமிழ வச்சு முடிவு பண்ணாதீங்க.

பையனுக்கு ரோல் மாடல்னு யாரைக் காட்டறது?

முதல்ல வாசிம் அக்ரம். 1997ல, முப்பது வயசுல சுகர்னு தெரிஞ்சுது, பௌலிங்ல உச்சத்துல இருந்த நேரம். முடிஞ்சுது கதைன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க, அதுக்கப்புறம்தான் 1999 உலகக் கோப்பைல கேப்டனா பாகிஸ்தானை ஃபைனல் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு, 2003 உலகக் கோப்பைல ஒருநாள் போட்டில 500 விக்கெட்டத் தொட்டாரு. எங்க வீட்டுக்காரர் பையன்கிட்ட முதல்ல சொன்னது இந்தக் கதைதான். பாகிஸ்தான் ஜெயிக்கணும்னு எங்க வீட்ல வேண்டிக்கிட்டது அந்தப் பழைய மேட்ச் வீடியோக்களப் பாத்தப்ப மட்டும்தான்.

ஃபுட்பால் பாக்கற பிள்ளைன்னா ரியல் மாட்ரிட்ல ஆடின நாச்சோ. பன்னெண்டு வயசுல வந்துச்சு, இனிமே ஃபுட்பால் கிடையாதுன்னு ஒரு டாக்டர் சொல்லிட்டாரு, சில நாள்லயே இன்னொரு டாக்டர் அதெல்லாம் தாராளமா ஆடலாம், ஆடணும்னாரு. அந்தப் பையன் அப்புறம் ஆறு சாம்பியன்ஸ் லீக் கப்பு தூக்கினான். நீச்சல்ல கேரி ஹால் ஜூனியர், 1999ல தெரிஞ்சுது, அடுத்த வருஷமே சிட்னி ஒலிம்பிக்ஸ்ல 50 மீட்டர்ல தங்கம், 2004 ஏதென்ஸ்ல மறுபடி தங்கம். படிக்கற பிள்ளைன்னா சோனியா சோட்டோமேயர், ஏழு வயசுலேர்ந்து டைப் 1, அப்பாவோட கை நடுங்குது, அம்மா வேலைக்குப் போறாங்க, அடுப்புல தண்ணி கொதிக்க வச்சு ஊசியச் சுத்தம் பண்ணித் தனக்குத்தானே போட்டுக்கப் பழகின பொண்ணு, 2009ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஆயிட்டாங்க.

எனக்குப் பிடிச்ச கதை வேற, அது ஷாங்காய்ல நடந்தது. ஈவா சாக்ஸல்னு செக் நாட்டு யூதப் பொண்ணு, போருக்குப் பயந்து புருஷனோட சீனாவுக்கு ஓடி வந்தவங்க. அங்க வந்தப்புறம்தான் சுகர் தெரியுது, போர் முத்துனதும் இன்சுலின் வரத்தே நின்னுபோச்சு. புருஷனும் அவங்களும் ஒரு மருத்துவ புத்தகத்த வச்சுக்கிட்டு எருமை மாட்டுக் கணையத்துலேர்ந்து இன்சுலின் காய்ச்சினாங்க, பழுப்பு நிறத்துல இருக்குமாம், முயலுக்குப் போட்டுப் பாத்துட்டுத் தனக்குப் போட்டாங்க. அதுல அங்க இருந்த நூத்துக்கணக்கான சுகர்காரங்க பிழைச்சாங்க. ஈவா 2002 வரைக்கும் இருந்தாங்க. என் பையன் எருமையப் பாத்தா இன்னும் கும்பிடு போடுவான்.

எங்க பையன் "அவங்கெல்லாம் பணக்காரங்க, ஸ்டாரு"ங்கறான். ஒட்டவே மாட்டேங்குது.

சரியாத்தான் சொல்றான். அக்ரம் கதை நமக்கும் சொந்தக்காரங்களுக்கும்தான். "சுகர் வந்த பையன் என்னத்த விளையாடப் போறான்"னு வாய் வைக்கற பெரியப்பா வாயடைக்க அது போதும். பிள்ளைக்கு ஒட்டறது வேற ஆளு: தன்ன விட ரெண்டு மூணு வயசு மூத்தவன், இதே ஊரு, இதே மாதிரி டவுன் பஸ்ல போறவன், இதே மெஸ்ல சாப்பிடறவன். எங்களுக்கு அப்படி அமைஞ்சது கேம்ப்ல பாத்த ஒரு பாலிடெக்னிக் பையன். அவன் என் பையனுக்குத் தந்த அறிவுரைய அப்படியே சொல்றேன்: "பஸ்ல போறப்ப குளுக்கோஸ பேக்ல வைக்காதடா, பேக்க யார்கிட்டயாச்சும் குடுத்துருவ. சட்டைப் பைல வை." எட்டு வருஷத்துல எந்த டாக்டரும் எனக்கு இதைச் சொல்லல. சொல்லவும் முடியாது, அவங்க டவுன் பஸ்ல ஃபுட்போர்டு அடிக்கறதில்ல.

பொண்ணு குழந்தை. வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணத்துக்குக் கஷ்டம்னு வீட்ல மறைக்கச் சொல்றாங்க.

இதுதான் எனக்கு ஜாஸ்தியா வர்ற போன், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

எலிசபெத் ஹியூஸ்னு ஒரு பொண்ணு. அப்பா அமெரிக்காவோட வெளியுறவு அமைச்சரு. 1919ல பதினோரு வயசுல சுகர். அப்ப இன்சுலின் கிடையாது, பட்டினி போட்டு உயிர இழுத்துப் பிடிக்கறதுதான் வைத்தியம். 1922 ஆகஸ்ட்ல டொராண்டோ போய் பேன்டிங்கிட்ட சேரும்போது எடை இருபது கிலோதான், வயசு பதினஞ்சு ஆகப் போகுது. ஊசி போட ஆரம்பிச்சதும் சதை போட்டு, வளந்து, காலேஜ் முடிச்சு, கல்யாணம் பண்ணி, மூணு பிள்ளை பெத்து, எழுபத்து மூணு வயசு வரைக்கும், 1981 வரைக்கும் வாழ்ந்தாங்க. போட்டுக்கிட்ட ஊசி சுமார் 42,000ன்னு கணக்கு சொல்றாங்க. ஆனா வாழ்நாள் பூரா வெளிய மூச்சு விடல. பெத்த பிள்ளைங்களுக்கே ரொம்ப நாள் தெரியாதாம், பழைய காகிதத்துல சுகர்னு இருந்த இடத்தையெல்லாம் அழிச்சாங்க.

அவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலம் அப்படி, பயம் இருந்திருக்கும், அந்தப் பயம் நமக்குத் தெரியாததா. ஆனா யோசிச்சுப் பாருங்க, 1930ல, 40ல "எம்புள்ள பிழைக்குமா, கல்யாணம் ஆகுமா, குழந்தை பெத்துக்குமா"ன்னு தவிச்ச எத்தனை அம்மாவுக்கு அந்தம்மா நடந்து போற பதிலா இருந்திருப்பாங்க. அவங்க மறைச்சதால பக்கத்து வீட்டுக்காரிக்குக் கூட அது தெரியாமப் போச்சு.

அதுக்காக ஊர் பூரா தண்டோரா போடச் சொல்லல. பிள்ளை யாருகூட மணிக்கணக்கா இருக்கோ அவங்களுக்குத் தெரியணும்: கிளாஸ் டீச்சர், பி.டி. மாஸ்டர், பக்கத்துல உக்கார்ற ஃப்ரெண்டு, வேன் அண்ணன். மயங்கி விழுந்தா என்னன்னு தெரியணுமா இல்லையா? குரூப்ல, நெட்டுல பிள்ளை முகம், ஸ்கூல் பேரு, முழுப் பேரு போடாதீங்க, பத்து வருஷம் கழிச்சு அது அவளோட கதை, சொல்லலாமா வேணாமான்னு அவதான் முடிவு பண்ணணும். கல்யாணப் பேச்சு வரும்போது சொல்லித்தான் ஆகணும், ஊசிய எத்தனை நாள் முந்தானைல ஒளிக்க முடியும்? எங்க குரூப்ல சொல்லிக் கட்டிக்கிட்ட பொண்ணுங்க மூணு பேர் இருக்காங்க, ஒருத்திக்கு ரெண்டு பிள்ளை. உங்க வீட்டுக்காரர் நம்ப மாட்டேன்னா சொல்லுங்க, அவளையே பேச வைக்கறேன்.

குரூப்ல ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க, யாரை நம்பறது?

எனக்கு வயித்துல புளியக் கரைக்கற விஷயம் இதுதான். "இந்தக் கஷாயம் குடிச்சா ஆறு மாசத்துல இன்சுலினை நிறுத்திடலாம்"னு ஒருத்தன் கண்டிப்பா வருவான். டைப் 1ல இன்சுலினை நிறுத்தினா நாள் கணக்குல உயிருக்கே ஆபத்து. வாந்தி, வயித்து வலி, பெருமூச்சு, வாய்ல பழ வாசனை, இதெல்லாம் வந்தா அது டிகேஏவா இருக்கலாம் (இன்சுலின் பத்தாம ரத்தத்துல அமிலம் ஏறிடறது), குரூப்ல டைப் பண்ணிட்டு இருக்காதீங்க, வண்டிய எடுங்க. புதுசா வர்றவங்க ஏமாறறதுக்கு ஒரு காரணம் உண்டு: ஊசி ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல சில பிள்ளைங்களுக்கு மிச்சமிருக்கற செல்லுங்க கொஞ்சம் தெம்பாகி இன்சுலின் தேவை நல்லாக் குறையும், ஹனிமூன்னு சொல்வாங்க. அந்த நேரம் பாத்து கஷாயம் குடிச்சவன் கஷாயம்தான் வேலை செஞ்சுதுன்னு சத்தியம் பண்ணுவான். பொய் சொல்றான்னு இல்ல, நிஜமாவே நம்பறான், அதுதான் ஆபத்து.

"எம்பிள்ளைக்கு ஆறு யூனிட், நீங்களும் போடுங்க"ன்னு யாராச்சும் சொன்னா அந்த மெசேஜை அட்மின் அழிக்கணும். அழிக்காத குரூப்னா வெளிய வந்துருங்க.

நல்ல குரூப் எப்படி இருக்கும்னா, ஒரு நாள் ஒரு அப்பா ஊசி பாக்கெட் போட்டோ போட்டு "மெடிக்கல்ல இதான் இருக்குன்னான்"னாரு, மூடி ஆரஞ்சு கலர். ரெண்டு நிமிஷத்துல அஞ்சு பேர் கத்திட்டாங்க. அவங்க வச்சிருந்தது 40 யூனிட் பாட்டில், அதுக்கு சிவப்பு மூடி ஊசிதான். ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. 40 மருந்தை ஆரஞ்சுல 10னு போட்ட கோடு வரைக்கும் இழுத்தா நிஜத்துல உள்ள போறது நாலு யூனிட்தான். உல்டாவா 100 மருந்தை சிவப்பு ஊசில 10னு போட்ட கோடு வரைக்கும் இழுத்தா இருபத்தஞ்சு யூனிட் போயிரும், பிள்ளை தாங்குமா? பாட்டில்லயும் ஊசிலயும் நம்பர் ஒன்னா இருக்கான்னு பாக்காம மெடிக்கல்லேர்ந்து படி இறங்காதீங்க.

கரண்ட் போற ஊர்ல இன்சுலினை எப்படி வைக்கறதுன்னு கூட குரூப்ல கேக்கலாமா?

கேளுங்க, எங்க குரூப்ல பாதிப் பேர் மண்பானை ஸ்பெஷலிஸ்ட்டு. பெரிய பானைல ஈர மணல், அதுக்குள்ள சின்னப் பானை, அதுல மூடி போட்ட டப்பால மருந்து, மேல ஈரத்துணி. பிரிக்காத மருந்துக்கு ஃப்ரிட்ஜ்தான் நல்லது, ஃப்ரீசர் கூடவே கூடாது, உறைஞ்சா தூக்கிப் போட்டுருங்க. எங்க பாட்டி மோர் வைக்கறதுக்கு வச்சிருந்த பானைதான் எங்க வீட்ல இப்ப மருந்துப் பானை.

மத்த பிள்ளைங்க ரீடிங்கெல்லாம் 110, 120ன்னு போடறாங்க. பாத்தாலே எனக்கு டென்ஷன் ஏறுது.

280 வந்தத யாரும் போட்டோ எடுத்துப் போட மாட்டாங்க, அவ்வளவுதான். கொஞ்ச நாள் குரூப்ப மியூட் பண்ணுங்க. நான் ஒரு மழைக்காலம் பூரா மியூட்ல வச்சிருந்தேன், ஒன்னும் குடி முழுகல.

ஸ்கூல்ல ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க.

எங்களுக்கும் நடந்துச்சு. எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன், பரீட்சை ஹால்ல குளுக்கோஸ் டப்பாவ வாங்கி மேஜை மேல வச்சுட்டாங்க, எந்திரிச்சுப் போய் கேக்க கூச்சப்பட்டுக்கிட்டு லோவோடயே கணக்குப் பரீட்சை எழுதியிருக்கான். கடைசி ரெண்டு பக்கம் கையெழுத்து கோழி கிளறின மாதிரி. நான் போய்ச் சண்டை போட்டு ஒன்னும் நடக்கல. குரூப்ல ஒரு அப்பா சொன்னாரு, சி.பி.எஸ்.இ 2017லயே பத்தாவது, பன்னெண்டாவது பரீட்சைக்கு டைப் 1 பிள்ளைங்க சர்க்கரை மாத்திரை, சாக்லேட், பழம், தண்ணி பாட்டில் உள்ள கொண்டு போகலாம்னு சுற்றறிக்கை விட்டிருக்கு, அதைப் பிரிண்ட் எடுத்து டாக்டர் லெட்டரோட சேத்துக் குடுங்கன்னு. எங்களுது ஸ்டேட் போர்டு, அது நேரா எங்களுக்குப் பொருந்தாது, ஆனா கவர்மெண்ட் முத்திரையப் பாத்ததும் ஹெட்மாஸ்டர் குரலே மாறிடுச்சு. கோவப்பட்டு நடக்காதது காகிதத்துல நடந்துச்சு.

உலக லெவல் ஆளுக்கே இது உண்டு. டென்னிஸ் ஸ்வெரெவ், நாலு வயசுலேர்ந்து டைப் 1, 2022ல வெளிய சொன்னாரு. 2023 பிரெஞ்ச் ஓப்பன்ல கோர்ட்டுலயே ஊசி போடக் கூடாது, வெளிய போய் போடுங்கன்னு தன்னச் சொன்னதா அவரே பேட்டி குடுத்தாரு. இத என் பையன்கிட்ட சொன்னேன், "அவரையுமா?"ன்னு ரொம்ப நேரம் சிரிச்சான்.

பதினாலு வயசு ஆயிடுச்சு, ஊசி போட மாட்டேங்கறான், கேட்டா கத்தறான்.

நீங்க கேக்கறத நிறுத்துங்க, வேற ஆளை விட்டுக் கேக்க வைங்க. நான் "ஊசி போட்டியா"ன்னு கேட்டா அது போலீஸ் விசாரணை, அந்தப் பாலிடெக்னிக் அண்ணன் கேட்டா அது ஃப்ரெண்ட்ஷிப். ஊசிய விட்டு விட்டுப் போட்டுட்டு நோட்டுல பொய் ரீடிங் எழுதறான்னா டாக்டர்கிட்ட பையனைத் தனியாப் பேச விடுங்க, நீங்க வெளிய இருங்க. கஷ்டமாத்தான் இருக்கும்.

அப்பாக்கள் குரூப்ல ஏன் பேசறதே இல்ல?

படிக்கறாங்க. எல்லா மெசேஜும் படிச்சுட்டு ராத்திரி பொண்டாட்டிகிட்ட "அந்தம்மா சொன்னதக் கவனிச்சியா"ம்பாங்க. எங்க வீட்லயும் அதே.

எனக்கு வயசு 26, டைப் 2ன்னு மாத்திரை குடுத்தாங்க, இப்ப டைப் 1ங்கறாங்க. குழந்தைங்க குரூப்ல எனக்கு இடம் உண்டா தம்பிங்க மத்தில?

வாங்க தம்பி. பிரிட்டன் பிரதமரா இருந்த தெரசா மேவுக்கும் இப்படித்தான், ஐம்பது வயசு தாண்டி வந்துச்சு, முதல்ல டைப் 2ன்னு சொல்லிட்டு அப்புறம் 2013ல டைப் 1ன்னாங்க. உங்களுக்கு இன்னொன்னும் சொல்றேன்: உங்களுக்கு நாங்க வேணும்ங்கறத விட எங்களுக்குத்தான் நீங்க வேணும். வேலைக்குப் போற, பைக் ஓட்டற, நைட் ஷிஃப்ட் பாக்கற ஒரு டைப் 1 ஆளு குரூப்ல இருந்தா பத்து அம்மாக்கள் நிம்மதியாத் தூங்குவாங்க.

காசு இல்ல, மருந்து தீரப் போகுது. குரூப்ல கேட்டா அசிங்கமா?

அசிங்கம் ஒன்னும் இல்ல, தீர்ற வரைக்கும் காத்திருக்கறதுதான் தப்பு. முதல்ல ஜி.எச் போங்க, இன்சுலின் இலவசமாக் குடுக்கறாங்க. ஸ்ட்ரிப்பு, சென்சார் மாதிரி விஷயத்துக்கு மேல சொன்ன அமைப்புகள்ட்ட கேட்டுப் பாருங்க. குரூப்ல பணமாக் கேக்காம என்ன மருந்து, எத்தனை நாளைக்கு வேணும்னு சொல்லுங்க. பணம் கேட்டு வர்ற மெசேஜ்ல ஏமாத்து நிறைய, அதனால ஆளுங்க தயங்குவாங்க, மருந்துன்னா யார் வீட்டு ஃப்ரிட்ஜ்லயாச்சும் ஒன்னு எக்ஸ்ட்ரா இருக்கும். வாங்கும்போது எக்ஸ்பைரி தேதி பாருங்க.

எங்களுக்கு வந்தே மூணு மாசம்தான் ஆச்சு. நான் போய் யாருக்கு என்ன சொல்ல முடியும்?

மூணு நாள் ஆனவங்களுக்குச் சொல்லலாம். போன மாசம் மதுரைல அதே பெஞ்சுல உக்காந்திருந்தோம். எதிர்ல ஒரு குடும்பம், புதுசு, பாத்தாலே தெரியுது, அந்தம்மா ஃபைலை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்காங்க, ஆறேழு வயசுப் பொண்ணு கைல பிளாஸ்திரி. எங்க வீட்டுக்காரர் கேன்டீன்லேர்ந்து வடை வாங்கிட்டு வந்தாரு. பையன் பேனா ஊசிய எடுத்து, ஊசி மாத்தி, சட்டையத் தூக்கி வயித்துல போட்டுக்கிட்டான், மறைக்கல, சுவரப் பாத்துத் திரும்பவும் இல்ல. அந்தப் பாப்பா நைசா நகந்து வந்து நின்னுச்சு.

"வலிக்குமா அண்ணா?"

"கொஞ்சூண்டு. நீ வேணா பத்து எண்ணு, ஊசிய எடுக்கறேன்."

அது எண்ண ஆரம்பிச்சுது. ஏழுக்கு அப்புறம் எட்டை விட்டுட்டு ஒன்பதுக்குப் போயிடுச்சு, இவன் மறுபடி முதல்லேர்ந்து எண்ணச் சொன்னான்.